பட்டனில் விளக்கு எரிந்தது

அப்பா பட்டனை அழுத்தவில்லை என்று குடும்பத்துக்குச் சொன்னவன் அவன்தான். கம்ப்யூட்டரைப் பார்த்துச் சொன்னான். அதனால் யாரும் மறுபேச்சு பேசவில்லை.

ஆபீசில் அவனுக்குப் 'பச்சைக்கொடி' என்று பெயர். அவன் வேலை பார்த்த கம்பெனி, தனியாக வாழும் வயதானவர்களுக்கு ஒரு பட்டன் செய்து விற்றது. கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும். விழுந்தால், நெஞ்சு வலித்தால் அழுத்த வேண்டும். அழுத்தினால் பட்டனில் குட்டியாக ஒரு விளக்கு எரியும். சேதி வீட்டில் இருக்கும் போனுக்குப் போய், அங்கிருந்து கம்பெனியின் உதவி மையத்துக்குப் போகும். அங்கே ராப்பகலாக உட்கார்ந்திருப்பவர்கள் பிள்ளைகளையும் ஆம்புலன்ஸையும் கூப்பிடுவார்கள்.

இதையெல்லாம் நடத்துகிற ப்ரோகிராமை வேறு ஆட்கள் எழுதினார்கள். அந்த ப்ரோகிராம் ஒழுங்காக நடக்கிறதா என்று வேவு பார்க்கிற ப்ரோகிராமை அவன் எழுதினான். ஆபீஸ் திறப்பதற்கு முன்பே அது தானாக எழுந்துகொள்ளும். மேஜை மேல் வரிசையாக அடுக்கி வைத்த போன்களில், விழுந்துவிட்ட ஒரு கிழவரைப் போல, மூச்சு வாங்குகிற ஒரு கிழவியைப் போல நடிக்கும். சேதி போய்ச் சேர்ந்ததா என்று பார்த்து ஒவ்வொன்றுக்கும் பச்சையோ சிவப்போ போட்டு வைக்கும். எல்லாம் பச்சையாக இருந்தால்தான் புது வெர்ஷன் வெளியே போகலாம். அவன் கையசைத்தால் வண்டி கிளம்பும். பெயர் அப்படித்தான் வந்தது.

அப்பா லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா போன பிறகு, பழைய குடியிருப்பு ஒன்றின் தரைத்தளத்தில் தனியாக இருந்தார். அந்தக் கட்டடத்தின் லிஃப்டுக்கு யாரும் கேட்காமலே வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தார். தரைத்தளத்துக்காரருக்கு லிஃப்ட் எதற்கு என்று மேல்வீட்டுக்காரர்கள் கிண்டல் செய்தால், டாக்டருக்குக் காய்ச்சல் வந்தால்தான் மருந்து கொடுக்க வேண்டுமா என்பார். பட்டனை அவர் கழுத்தில் மாட்டிவிட்டது மகன்தான். மகன் கம்பெனிப் பொருள் என்பதால் ஒன்றும் சொல்லாமல் மாட்டிக்கொண்டார்.

ஒரு நாள் காலை குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். சாயங்காலம் அக்கா சாப்பாடு எடுத்துக்கொண்டு வந்து கதவைத் திறக்கும்வரை அதே ஈரத்தில் கிடந்தார். அக்கா பார்த்தபோது உதடு நீலமாக இருந்ததாம். பட்டன் கழுத்தில்தான் இருந்தது.

ஏன் அழுத்தவில்லை என்று ஆம்புலன்ஸிலேயே அக்கா கேட்டிருக்கிறாள். அவர் சொன்ன முதல் பதில் இது:

"அழுத்தினேன். விளக்கு எரிஞ்சுதே."

மறுநாள் அவன் ஆபீசில் உட்கார்ந்து அன்றைய பதிவு முழுவதையும் பார்த்தான். அப்பாவின் பட்டனிலிருந்து ஒன்றும் வரவில்லை. முந்தின நாளும் இல்லை, பிந்தின நாளும் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போய் அக்காவிடம் சொன்னான். அக்கா அப்பாவின் போர்வையை இழுத்துச் சரிசெய்தாள். பிறகு, "அப்போ அப்பாவுக்கு மறதி வந்துடுச்சு" என்றாள்.

அன்றிலிருந்து அவனுக்குள் ஏதோ மரத்துப்போனது. காலை மடக்கி வெகுநேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்தால் பாதம் யாருடையதோ போல இருக்குமே, அப்படி ஆள் முழுக்க இருந்தது. நண்பர்களோடு எடுத்திருந்த வாடகை அறையில் எழுந்தான், குளித்தான், பஸ் பிடித்தான். கேன்டீனில் தட்டில் என்ன விழுந்ததோ அதைச் சாப்பிட்டான். அழுகையும் வரவில்லை, கோபமும் வரவில்லை. அப்பா ஈரத்தரையில் கிடப்பதை நினைத்துப் பார்க்க முயன்றான். தரைதான் தெரிந்தது.

ஆபரேஷன் முடிந்து அப்பாவை அக்கா தன் வீட்டுக்குக் கூட்டிப்போனாள். அவள் வீடு நாலாவது மாடியில் இருந்தது. இரண்டு அறைதான். அக்காவுக்கும் வேலை, அத்தானுக்கும் வேலை, பிள்ளைகளுக்குப் பரீட்சை. முகம் சுளிக்காமல்தான் பார்த்துக்கொண்டாள். ஆனால் அந்தக் கேள்வியை மட்டும் அவளால் விட முடியவில்லை. மாத்திரை கொடுக்கும்போது கேட்பாள். தலை துவட்டும்போது கேட்பாள். அத்தான் விளையாட்டுப் பேர்வழி. அவர் பங்குக்கு, "மாமா, பட்டனை அழுத்தினா பில் வரும்னு பயந்துட்டீங்களா?" என்று கேட்பார். அவனும்தான் கேட்டான். வார்த்தையை மாற்றி மாற்றிக் கேட்டான். அழுத்தினதா நினைச்சீங்களா, இல்ல நிஜமாவே அழுத்தினீங்களா என்றுகூட ஒரு தடவை கேட்டான்.

முதலில் அப்பா அழுத்தினேன் என்றார். பிறகு, அழுத்தினேன் என்றுதான் நினைக்கிறேன் என்றார். பிறகு, தெரியலைம்மா என்றார். அதன் பிறகு ஒரு நாள், சட்டைப் பட்டனைத் திருகிக்கொண்டே, இல்லை, அழுத்தவில்லை, மறந்துவிட்டேன் என்றார்.

அக்கா பெருமூச்சு விட்டாள். இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்று அவர் தோளைத் தடவிக் கொடுத்தாள். அன்றைக்குத்தான் அப்பா இனித் தனியாக இருக்க முடியாது என்று முடிவாயிற்று. மூளை டாக்டரும் பார்த்தார். வயசுக்கு இதெல்லாம் சகஜம், பெரிதாக ஒன்றுமில்லை என்றவர், வீட்டில் ஏதாவது ஆபத்தான மறதி நடந்ததா என்று கேட்டார். அக்கா பட்டன் கதையைச் சொன்னாள். டாக்டரின் பேனா அங்கேதான் ஓடியது.

ஊருக்கு வெளியே ஒரு முதியோர் இல்லத்தில் அறை பேசினார்கள். அப்பாவின் வீட்டைக் காலி செய்து சாவியைக் கொடுப்பது என்று ஏற்பாடு. யாரும் அப்பாவை வற்புறுத்தவில்லை. சரி என்றார். எதற்குக் கேட்டாலும் சரி என்றார். மகனைப் பார்த்து, "நீ என்னடா சொல்றே?" என்று அக்கா கேட்டாள். அவனும் சரி என்றான்.

அந்த வாரம் ஆபீசில் புது வெர்ஷன் வெளியே போக வேண்டிய வாரம். டீம் லீடர், அவனைவிடப் பத்து வயது மூத்த பெண்மணி, வாய் ஓயாதவர். காலை டெஸ்ட் முடிய நேரமாகிறது, அது எங்கே தூங்கி வழிகிறது என்று பார், எழுப்பிவிடு என்றார். அவன் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தான். மற்றவையெல்லாம் சுறுசுறுப்பாக முடிந்தன. ஒன்று மட்டும் இரட்டிப்பு நேரம் எடுத்தது. எது என்று பார்த்தான். மாப்பிள்ளை.

மாப்பிள்ளை என்பது அந்த டெஸ்டுக்கு ஆபீசே சேர்ந்து வைத்த பெயர். பட்டனை அழுத்தி, சேதி உதவி மையத்துக்கு வந்ததா என்று பார்க்கிற டெஸ்ட் அது. சில நேரம் பாஸ் ஆகும், சில நேரம் காரணமே இல்லாமல் முறுக்கிக்கொண்டு நிற்கும். இன்னொரு தடவை வருந்திக் கூப்பிட்டால் உடனே சமாதானமாகிவிடும். ப்ரோகிராம் எழுதினவர்களைக் கூப்பிட்டுக் காட்டினால், அவர்கள் தங்கள் போனில் அழுத்திப் பார்ப்பார்கள். நன்றாகப் போகும். குற்றம் உன் டெஸ்டில்தான் என்று சிரித்துவிட்டுப் போவார்கள். தினமும் இந்த ஒரு சிவப்புக்காகப் பஞ்சாயத்து வைத்து எல்லோரும் அலுத்துப்போனார்கள். போன வருஷம் ஒரு நாள் அவன் ஒரே ஒரு வரி சேர்த்தான். தோற்றால் மறுபடி முயற்சி செய், மூன்று தடவை வரைக்கும். ஒன்றில் ஜெயித்தாலும் பச்சை போடு. அதற்குப் பிறகு மாப்பிள்ளை முறுக்கியதே இல்லை. டீம் லீடர் அன்றைக்கு எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். இந்தத் தொழிலில் அந்த வரியை எழுதாதவர்கள் குறைவு.

இப்போது அவன் பச்சைக்குப் பின்னால் இருந்ததைத் தோண்டினான். மாப்பிள்ளை தினமும் காலையில் முதல் தடவை தோற்றிருந்தது. இரண்டாவது தடவை ஜெயித்திருந்தது. ஒரு வருஷமாக இதே கதைதான். மத்தியானம் யாராவது டெஸ்டைக் கையால் ஓட்டியிருந்தால் மட்டும் முதல் தடவையே பாஸ். யோசிக்க அதிகமில்லை. ராத்திரி முழுக்க சும்மா கிடந்த போன் அசந்து தூங்கிவிடுகிறது. முதல் அழுத்தல் அதை எழுப்புகிறது, எழுப்புவதோடு காணாமல் போகிறது. இரண்டாவதுதான் போய்ச் சேர்கிறது. ப்ரோகிராம் எழுதுகிறவர்களின் போன் நாள் முழுக்க நோண்டப்படும் போன், அது தூங்குவதே இல்லை. தனியாக இருக்கும் ஒரு கிழவரின் போன் வேறு என்ன செய்யும், தூங்கும்.

இதைக் கண்டுபிடித்ததும் அவன் பதறியிருக்க வேண்டும். பதறவில்லை. திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். 

சாயங்காலம் அப்பாவின் பூட்டிய வீட்டுக்குப் போனான். பாதிச் சாமான்களை அத்தான் ஏற்கெனவே அட்டைப்பெட்டிகளில் கட்டி வைத்திருந்தார். சுவரில் காலண்டர் இருந்த இடம் மட்டும் வெள்ளையாக இருந்தது. குளியலறை வாசலில் அப்பாவின் ரப்பர் செருப்பில் ஒன்று நேராகவும் இன்னொன்று குப்புறவும் கிடந்தன. யாரும் அதைத் தொடவில்லை. போன், மூலையில் சார்ஜரில் மாட்டினபடியே, தூசியோடு இருந்தது. அதை அவன் தொடவில்லை. அத்தான் கொண்டுவந்து போட்டிருந்த ஆஸ்பத்திரிப் பையைத் துழாவிப் பட்டனை எடுத்தான். தன் போனில் உதவி மையத்தில் இருந்த தோழியைக் கூப்பிட்டு, அப்பா பெயரில் ஏதாவது வந்தால் சொல் என்றான். பட்டனை ஒரு தடவை அழுத்தினான்.

விளக்கு எரிந்தது. நன்றாக, பளிச்சென்று எரிந்தது.

ஒன்றும் வரவில்லையே என்றாள் தோழி. கொஞ்ச நேரம் காத்திருந்தார்கள். அவள் ஏதோ பேசிக்கொண்டே இருந்தாள். வரவில்லை. மறுபடி அழுத்தினான். "இப்ப வந்துடுச்சு. ஆம்புலன்ஸ் அனுப்பட்டுமா?" என்று அவள் பழக்கதோஷத்தில் கேட்டாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, குளியலறை வாசலில் செருப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

சின்ன வயசில் அப்பா அவர்களை வேலைக்குக் கூட்டிப்போவார். லிஃப்ட் வாசலில் நின்று அவனும் அக்காவும் பட்டனை மாற்றி மாற்றிக் குத்துவார்கள். கையில் ஒரு தட்டு விழும். "விளக்கு எரிஞ்சா அதுக்குக் காது கேட்டுடுச்சுன்னு அர்த்தம். சும்மா சும்மா குத்தினா சீக்கிரம் வந்துடுமா? பேசாம நில்லு." ஆயுசு முழுக்கப் பார்க்கிறவர்களுக்கெல்லாம் இதைச் சொன்னவர். விழுந்து கிடந்தபோது ஒரு தடவை அழுத்தியிருக்கிறார். விளக்கு எரிந்திருக்கிறது. பேசாமல் இருந்திருக்கிறார்.

அங்கேயே லேப்டாப்பைத் திறந்து, மறுபடி முயலச் சொன்ன அந்த ஒரு வரியை எடுத்துவிட்டான்.

காலையில் அறிக்கை வந்தது. முழுக்கப் பச்சை, உச்சியில் மட்டும் நெற்றியில் பொட்டு வைத்தது போல ஒரு சிவப்பு. டீம் லீடர் அவன் சீட்டுக்கே வந்துவிட்டார். பச்சைக்கொடிக்குக் கலர் மாறிப்போச்சா, மாப்பிள்ளைக்கு மறுபடியும் என்ன முறுக்கு என்று கேட்டார். அவன், அந்த வரியை எடுத்துவிட்டேன் என்றான். எடுத்தால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். இன்றைக்கு ஒரு நாள் திரும்பப் போட்டுவிடு, வெர்ஷன் போகட்டும், அடுத்த வாரம் உட்கார்ந்து பார்க்கலாம் என்று தணிவாகத்தான் சொன்னார். கெட்ட மனுஷி இல்லை. எல்லோரும் சொல்வதைத்தான் சொன்னார். நேற்று வரைக்கும் அவனே சொல்லியிருப்பான்.

"எங்கப்பா ஒரு தடவைதான் அழுத்தினார் மேடம்" என்றான்.

குரல் ஏறவில்லை, இறங்கவில்லை. டிபன் கொண்டுவரவில்லை என்பது போலச் சொன்னான். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அழுத்தலைன்னு நீதானே சொன்னே?"

"ஆமா. நான்தான் சொன்னேன்."

நேற்று பார்த்ததைக் காட்டினான். அவர் ஒரு வருஷத்து அறிக்கைகளைக் கீழே கீழே தள்ளிப் பார்த்துக்கொண்டே போனார். பாதியில் நிறுத்திவிட்டார். எழுந்து மேலதிகாரியின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். திரும்பி வந்தபோது முகம் கறுத்திருந்தது. வெர்ஷன் போகாது, முதலில் இதைச் சரிசெய்கிறார்கள், அதுவரை பட்டன் வைத்திருக்கிற எல்லோருக்கும் போன் போட்டு, உதவி மையத்திலிருந்து யாராவது திரும்பக் கூப்பிடும்வரை அழுத்தச் சொல்லப்போகிறார்கள் என்றார். நீ வீட்டுக்குப் போ என்றார். 

அவன் நேராக அக்கா வீட்டுக்குப் போனான். அன்றைக்குத்தான் அப்பாவை இல்லத்துக்குக் கூட்டிப்போவதாக இருந்தது. அக்காவும் அத்தானும் லீவு போட்டிருந்தார்கள். கட்டில்மேல் பெட்டி திறந்து கிடந்தது, அக்கா அப்பாவின் சட்டைகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றின் காலருக்குள்ளும் அடையாளத்துக்கு நூல் தைத்திருந்தாள். அங்கே சலவையில் மாறிவிடுமாம். அப்பா ஜன்னலோரம், நடைவண்டியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

அவன் நின்றபடியே சொல்லி முடித்தான். தூங்கும் போன், காணாமல் போன முதல் அழுத்தல், ஒரு வருஷத்துக்கு முன் தான் எழுதிய வரி. அத்தான் டிவியின் சத்தத்தைக் குறைத்தார், பிறகு அணைத்தார். அக்கா கையிலிருந்த சட்டையைப் பெட்டியிலும் வைக்கவில்லை, கீழேயும் வைக்கவில்லை.

"நீதானேடா கம்ப்யூட்டர்ல பார்த்தேன்னு சொன்னே?"

"வந்து சேர்ந்தது மட்டும்தான் அக்கா அதுல தெரியும். வராம போனது தெரியாது."

திட்டுவாள் என்று நினைத்தான். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் தோன்றியது. அவள் கட்டிலில் உட்கார்ந்து அந்தச் சட்டையை மறுபடி விரித்தாள், மறுபடி மடித்தாள்.

அவன் அப்பாவின் பக்கத்தில் போய்க் குந்தினான். நீங்கள் அழுத்தியிருக்கிறீர்கள் அப்பா, தப்பு எங்களுடையது என்றான். அப்பா அவனைப் பாவமாகப் பார்த்தார்.

"இல்லப்பா. நான் அழுத்தலை. மறந்துட்டேன்."

"அழுத்தினீங்கப்பா. விளக்கு எரிஞ்சுதுன்னு சொன்னீங்களே."

"அதெல்லாம் அப்ப சொன்னது. அழுத்தலைன்னு சொன்னப்புறம்தானே எல்லாரும் கேக்கிறதை நிறுத்தினீங்க."

 தெருவில் யாரோ வண்டியை ஸ்டார்ட் செய்ய உதைத்துக்கொண்டிருந்தார்கள், அது கிளம்பும்வரை அந்தச் சத்தம்தான் கேட்டது. அக்கா எழுந்து வந்து அப்பாவின் முன்னால் மண்டியிட்டாள். கன்னம் நனைந்திருந்தது. "அப்பா, நல்லா யோசிச்சு ஒரே ஒரு தடவை சொல்லுங்க. அன்னைக்கு நீங்க..." என்று ஆரம்பித்தாள்.

"கேக்காதேக்கா" என்றான் அவன். "முதல் தடவை கேட்டப்பவே சொல்லிட்டார்."

அவள் நிறுத்திக்கொண்டாள்.

பிறகு நடந்ததெல்லாம் சத்தமில்லாமல் நடந்தது. இல்லத்துக்கு போன் செய்து வரவில்லை என்று அத்தான் சொன்னார். அப்பாவின் வீட்டில் அவரோடு தான் இருந்துகொள்கிறேன், வாடகை அறையை விட்டுவிடுகிறேன் என்று அவன் சொன்னான். எத்தனை நாளைக்கு என்று அக்கா கேட்டாள், தெரியவில்லை என்றான். எங்கே இருக்கப் பிரியம் என்று கடைசியில் அப்பாவிடமே கேட்டார்கள். இதுவரை யாரும் கேட்காத கேள்வி அது.  இந்தத் தடவை அவர் சரி என்று சொல்லவில்லை. நம்ம கட்டடத்து லிஃப்டுக்கு எண்ணெய் போட்டு ரொம்ப நாளாச்சு, மூணாவது மாடியில் நிற்கும்போது முனகும், கேட்டீர்களா என்றார். யாரும் கேட்டிருக்கவில்லை.

பெட்டியை அத்தான் தூக்கிக்கொண்டு படியில் முன்னால் போனார். வழக்கம்போல, "மாமா, உங்க லிஃப்டை விட நான்தான்..." என்று ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டார். அக்கா வாசற்படியில் நின்றாள். அப்பா நடைவண்டியை ஊன்றி ஊன்றி லிஃப்ட் வரை வந்து சேர்ந்தார். அவன் பட்டனை அழுத்தினான். விளக்கு எரிந்தது.

லிஃப்ட் வரவில்லை. கீழே எங்கேயோ கதவு திறந்து கிடக்கிறது போல. அப்பாவின் முழங்கால் நடுங்குவதை அவன் பார்த்தான். இன்னும் எத்தனை நேரம் நிற்பார் என்று தெரியவில்லை. அவன் விரல் தானாக மறுபடி பட்டனுக்குப் போனது.

"ஒரு தடவை போதும்" என்றார் அப்பா.

அவன் கையை எடுத்துக்கொண்டான். இரண்டு பேரும் மூடிய கதவைப் பார்த்துக்கொண்டு பேசாமல் நின்றார்கள்.